வாசகர் கேள்வி – பதில்: ஆபிரிக்க நகரங்களும் அவற்றின் திருவிழாக்களும்

நைரோபி நகர வாழ்க்கை பற்றிச் சென்ற இதழில் நான் எழுதியிருந்ததைப் படித்த பலர், ஆபிரிக்க நகரங்களுக்குப் பயணம் போவது பற்றியும் அங்குள்ள விழாக்களில் கலந்துகொள்வது பற்றியும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் எட்டினை எடுத்து இங்கே விடை எழுதுகிறேன். பதினோர் ஆண்டுகள் நைரோபியில் கணக்காளராக வேலை பார்த்து, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அந்தக் கண்டத்துக்குள்ளேயே சுற்றியவன் என்ற அளவில்தான் எனக்கு இதில் பேச உரிமை உண்டு.

கே: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வெளிநாட்டிலிருக்கும் மகன் செலவை ஏற்றுக்கொண்டு, பதினான்கு நாள்களில் நைரோபி, சான்சிபார், அடிஸ் அபாபா, அக்ரா, கேப் டவுன் ஆகிய ஐந்தையும் பார்த்துவருமாறு திட்டம் அனுப்பியிருக்கிறார். இருவரும் மரக்கறி உணவுக்காரர். இது சரிவருமா? – ஆசிரியை, கல்லடி

அம்மா, மகனுடைய அன்பு பெரிது. ஆனாலும் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். ஆபிரிக்கா 54 நாடுகளைக் கொண்ட, ஏறத்தாழ 3 கோடி சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கண்டம். கெய்ரோவிலிருந்து கேப் டவுனுக்கு நேர்கோடு போட்டாலே 7,000 கிலோமீற்றருக்கு மேல் வரும். ஐந்து நகரங்களைப் பதினான்கு நாள்களில் பார்க்கப் புறப்பட்டால் நீங்கள் பார்த்து வருபவை விமான நிலையங்களும் ஹொட்டேல் வாசல்களுமாகவே இருக்கும். எந்த ஊரிலும் முதல் மூன்று நாள்கள் சத்தத்துக்கும் நெரிசலுக்கும் கண்ணும் காதும் பழகுவதிலேயே கழிந்துவிடுகின்றன. நாலாம் நாள் முனைக்கடைக்காரர் நம் முகத்தை அடையாளம் கண்டு தலையசைக்கிறார். ஐந்தாம் நாள் எந்த ஊர் என்று கேட்கிறார். அந்தத் தலையசைப்புக்குப் பிறகு நடப்பவைதான் எனக்குப் பயணமாக நினைவில் நின்றிருக்கின்றன. ஆகவே ஒரு நகரம் போதும், மிஞ்சினால் இரண்டு.

உங்கள் இருவருக்கும் நான் சொல்லக்கூடியது ஜனவரி மாதத்து அடிஸ் அபாபா. பின்னாளில் பேரரசரான இரண்டாம் மெனெலிக்கும் அவர் மனைவி தாய்த்துவும் 1886 இல் நிறுவிய அந்த நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,350 மீற்றர் உயரத்தில், அதாவது நம் நுவரெலியாவை விடவும் நானூற்றைம்பது மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரருக்கு அங்கே முதலிரண்டு நாள்கள் சிறிது மூச்சு வாங்கும். மாடிப்படிகளை ஆறுதலாக ஏறுங்கள், இரவுக்குக் கம்பளிச் சட்டை கொண்டுபோங்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். எத்தியோப்பிய மரபுவழிக் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் நோன்பிருப்பவர்கள். அந்நாள்களில் இறைச்சி மட்டுமன்றிப் பால், முட்டை, வெண்ணெய் எதுவும் சேர்ப்பதில்லை. எனவே உணவகங்களில் நோன்புச் சாப்பாடு என்று கேட்டால், தெஃப் என்னும் சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்க வைத்துச் சுட்ட இஞ்செரா என்ற பெரிய அப்பத்தின் மேல் பருப்பும் கடலைமாக் கறியும் கோவாவும் கீரையும் வட்டமாக இட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். புளித்த அப்பத்தில் வளர்ந்த நமக்கு அந்தச் சுவை முதல் வாயிலேயே பிடிபட்டுவிடும். எல்லோரும் ஒரே தட்டில் வலக்கையால் உண்பார்கள். பக்கத்தில் இருப்பவர் தம் கையால் ஒரு பிடி சுருட்டி உங்கள் வாயில் ஊட்ட வந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். குர்ஷா என்னும் அந்த உபசாரத்தை மறுப்பது அவர்கள் மனத்தை நோகச் செய்யும். கோப்பிக்கு அழைத்தாலும் அவ்வாறே. தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, பச்சைக் கோப்பிக் கொட்டையைக் கண்முன்னே வறுத்து இடித்து, மூன்று முறை காய்ச்சி ஊற்றுவார்கள். மூன்றாவது சுற்றுக்குப் பராக்கா, அதாவது ஆசி என்று பெயர். அதற்கு முன்னர் எழுந்து விடாதீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் முன்னோருக்கு இது விளங்கியிருக்கும். எனக்கு விளங்காமல் ஒரு முறை பஸ்ஸைத் தவறவிட்டேன். யாராவது நேரம் சொன்னால் உள்ளூர் நேரமா ஃபெரெஞ்சி நேரமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ஃபெரெஞ்சி என்றால் வெளிநாட்டவர். மட்டக்களப்பில் நாம் சொல்லும் பறங்கியர் என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை.

கே: எத்தியோப்பியாவின் திம்கெட் திருவிழாவில் குருமார் தலையில் எதையோ பட்டுத்துணியால் மூடிச் சுமந்து செல்லும் படம் ஒன்றைப் பார்த்தேன். அது என்ன? வேற்று மதத்தவர் அதில் கலந்துகொள்ளலாமா? – கோயில் பரிபாலன சபை உறுப்பினர், மண்டூர்

ஐயா, மண்டூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி, ஏனென்றால் இதை உங்கள் ஊராருக்கு விளக்குவது போல வேறு யாருக்கும் எளிதாக விளக்க முடியாது. அந்தத் துணிக்குள் இருப்பது தபோத் என்னும் புனிதப் பலகை. மோசே பெற்ற கற்பனைப் பலகைகளையும் அவை வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பேழையையும் அது குறிக்கிறது. ஒவ்வொரு தேவாலயத்தின் கருவறையிலும் ஒரு தபோத் இருக்கும்; அது இருப்பதால்தான் அக்கட்டடம் தேவாலயமாகிறது. குருமாரைத் தவிர வேறு யாரும் அதைக் கண்ணால் காணக்கூடாது. ஆண்டுக்கொரு முறை அது வெளியே வரும்போதும் மூடியபடியேதான் வருகிறது. கதிர்காமத்தில் யானைமேல் ஏறும் பேழைக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் காண்பதில்லை. உங்கள் மண்டூரில் வாய் கட்டிப் பூசை செய்பவர் திரைக்குப் பின்னே செய்வதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. காணாமலே கும்பிடப் பழகிய மக்களுக்குத் திம்கெட் அந்நியமாகத் தோன்றாது.

விழா ஜனவரி 19 ஆம் திகதி வரும். லீப் ஆண்டுகளில் 20 ஆம் திகதி. யோர்தான் ஆற்றில் கிறிஸ்து திருமுழுக்குப் பெற்றதை நினைவுகூருவது அது. முதல்நாள் பிற்பகல் தபோத்கள் அவரவர் ஆலயத்திலிருந்து புறப்பட்டு நீர்நிலை உள்ள இடத்தைச் சேரும்; இரவு முழுவதும் கூடாரத்தில் வழிபாடு நடக்கும்; விடியலில் நீரை ஆசீர்வதித்து மக்கள்மேல் தெளிப்பார்கள். கோண்டார் நகரில் பேரரசர் ஃபாசிலிதெசின் பெயரால் வழங்கும் பழைய நீராடு குளத்தில் இளைஞர்கள் குதித்து நீராடுவார்கள்; படங்களில் அதிகம் காணப்படுவது அதுதான். ஆனால் 2023 முதல் அம்ஹாரா மாநிலத்தில் ஆயுத மோதல் இருந்துவருவதால், அங்குள்ள கோண்டாருக்கும் லலிபெலாவுக்கும் போவதை நான் இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். போர் என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். திருவிழா பார்ப்பதற்காக ஒருவர் அதற்குள் நுழையக் கூடாது. அடிஸ் அபாபாவில் ஜான் மேதா என்னும் பெருந்திடலில் நடக்கும் விழாவே மனத்தை நிறைக்கும்.

அங்கே நான் கண்ட ஒரு காட்சி இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தபோத்தைச் சுமந்து வரும் குருமாருக்கு முன்னே இளைஞர் கூட்டமொன்று நீண்ட சிவப்புக் கம்பளத்தை வீதியில் விரித்துச் சென்றது. குருமார் மிதித்துக் கடந்த பகுதியைப் பின்னாலிருந்து சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு, வியர்வை வழிய முன்னே ஓடி மறுபடி விரித்தார்கள். இப்படியே ஊர்வலம் முடியும் மட்டும். நம் கோயில்களில் நிலபாவாடை விரிப்பதைச் சிறுவயதில் பார்த்தவன் நான். அந்த இளைஞர்களின் முகத்தைக் கண்டபோது தொண்டை அடைத்தது. அதே வேளையில் வெள்ளைச் சால்வை போர்த்திய பெண்கள் நாக்கை அசைத்து ஓங்கி ஒலி எழுப்பினார்கள். கண்ணகை அம்மன் கோயில் குரவையேதான்.

வேற்று மதத்தவர் நிற்கலாம், வரவேற்கவும் செய்வார்கள். ஆனால் நின்ற இடத்திலிருந்து தபோத் கடந்து போகும்போது தலை தாழ்த்துங்கள், கைப்பேசியை இறக்குங்கள். வெள்ளுடை அணிந்து போவது நல்லது. பெண்கள் தலையை மூடுவார்கள். ஆலயத்துக்குள் நுழைபவர்கள் பாதணியைக் கழற்றுவார்கள். ஊர்வலத்துக்கு முன்னால் ஓடிப் பின்புறமாக நடந்தபடி படம்பிடிக்கும் வெளிநாட்டுப் பயணிகளை அங்கே கண்டிருக்கிறேன். மாமாங்கத் தீர்த்தத்தில் ஒருவர் அப்படிச் செய்தால் நமக்கு என்ன தோன்றும் என்று நினைத்துக்கொண்டால் வேறு விதி எதுவும் தேவையில்லை.

கே: நாங்கள் பரம்பரையாகக் கைத்தறியில் சாரம் நெய்பவர்கள். ஆபிரிக்காவில் நெசவையும் துணிகளையும் பார்க்க விரும்பினால் எங்கே போகலாம்? விசைத்தறித் துணி மலிவாக வந்து குவியும் பிரச்சினை அங்கும் உண்டா? – நெசவாளர், மருதமுனை

கானாவுக்குப் போங்கள். அசாந்தி மக்களின் தலைநகரான குமாசிக்கு அருகில் பொன்வயர் என்ற ஊர் இருக்கிறது. கென்தே துணியின் தாயகம் அது. உங்கள் தறியோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தறி மிகவும் ஒடுங்கியது. ஏறத்தாழ நான்கு அங்குல அகலத்தில் நீண்ட நாடா போல நெய்து, அந்த நாடாக்களைத் துண்டுதுண்டாக வெட்டி அருகருகே வைத்துத் தைத்து முழுத் துணி ஆக்குகிறார்கள். ஊடும் பாவும் மாறும் இடங்களில் கட்டங்கள் வந்து விழும். நாடாக்கள் ஒன்றோடொன்று சேரும்போது கட்டங்கள் ஒன்றுவிட்டு ஒன்று சரியாகப் பொருந்தவேண்டும் என்பதால், தைக்கும்போது வரப்போவதை நெய்யும்போதே மனத்தில் கணக்கிட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு பெயருண்டு, பெயருக்குப் பின்னால் ஒரு பழமொழியோ வரலாறோ உண்டு. 2024 இல் யுனெஸ்கோ இந்த நெசவைக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. நீங்கள் கேட்ட பிரச்சினை அங்கும் உண்டு: கென்தேயின் அமைப்பை ஆலைத் துணியில் அச்சடித்து மலிவாக விற்கிறார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சடித்ததாயின் மறுபுறம் வெளிறியிருக்கும். ஆனால் இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிழக்குக் கரையில் வேறொரு துணி உண்டு, அதையும் சொல்லாமல் விடமுடியாது. கென்யாவிலும் தன்சானியாவிலும் பெண்கள் உடுத்தும் கங்கா, சோடியாக விற்கப்படும் பருத்தித் துணி. சுற்றிவரக் கரை, நடுவே சித்திரம், சித்திரத்தின் கீழே சுவாஹிலி மொழியில் ஒரு வரி அச்சடித்திருக்கும். கடையில் பெண்கள் நிறத்தைப் பார்ப்பதோடு அந்த வரியையும் வாசித்துத்தான் வாங்குவார்கள், ஏனென்றால் உடுத்துபவர் சொல்ல விரும்புவதைத் துணி சொல்லிவிடும். மாமியாருக்கும் அயல்வீட்டாருக்கும் வாயால் சொல்ல முடியாததை இடுப்பில் கட்டிக்கொண்டு போகலாம். என் மனைவி வைத்திருக்கும் கங்காவில் இருப்பது ‘ஹராக்கா ஹராக்கா ஹைனா பராக்கா’ என்ற பழமொழி. அவசரத்தில் பரகத் இல்லை என்று பொருள். பதறாத காரியம் சிதறாது என்று நாம் சொல்வதுதான். கடற்கரை ஆண்கள் உடுத்தும் கிக்கோய் என்னும் கோடிட்ட நெசவுத் துணியைப் பார்த்தீர்களானால் மருதமுனைச் சாரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்வீர்கள்.

கே: ஆபிரிக்க நகரங்களில் பகலிலேயே வழிப்பறி என்கிறார்களே. தனியே போகும் இளைஞனுக்கு நைரோபி எப்படி? – வாசகர், அக்கரைப்பற்று

தம்பி, நைரோபியில் களவு உண்டு. இல்லை என்று சொன்னால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஒரு மழைநாள் மாலை, நெரிசலில் நின்றுவிட்ட மதாத்து வண்டியின் சாளரத்தோரம் இருந்து கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து ஒரு கை வந்தது, பேச்சு பாதியில் நின்றது. அன்றிரவு வீடு போய்ச்சேரப் பஸ் காசு கொடுத்தவர் அதே வண்டியில் பின்னிருக்கையில் இருந்த ஒரு மரக்கறி வியாபாரி. அவருடைய கூடையில் அன்று விற்காமல் மிஞ்சிய சுக்குமா கீரைக் கட்டுகள் கிடந்தன. இந்த இரண்டையும் சேர்த்தே நான் அந்த நகரத்தை நினைக்கிறேன்.

மதாத்து என்பது நம் தனியார் பஸ் போன்றது. உடலெங்கும் சித்திரம், உள்ளே காதடைக்கும் பாட்டு, வாசலில் தொங்கியபடி கூவி ஆளேற்றும் நடத்துநர். மழை பெய்தால் கட்டணம் ஏறும். அது எல்லோருக்கும் ஏறுவதுதான், உங்களைக் கண்டு ஏற்றியது என்று நினைக்காதீர்கள். ஏறுமுன் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் விலை கேட்டுவிட்டு ஏறுங்கள். சாளரத்தோரத்தில் கைப்பேசி வேண்டாம். காசைக் கட்டாகக் கொண்டு திரியவும் தேவையில்லை: 2007 இல் தொடங்கிய எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணமுறை அங்கே முடிவெட்டும் கடை வரை செல்லுபடியாகிறது. கடவுச்சீட்டைக் காட்டி உள்ளூர் சிம் அட்டை வாங்கினால் நீங்களும் பாவிக்கலாம். இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்காதீர்கள், வாடகை வண்டி பிடியுங்கள். நாட்டுக்குள் நுழையுமுன் இணையவழிப் பயண அனுமதி எடுக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக அந்த முறை வந்திருக்கிறது.

மையத்திலிருந்து ஏறத்தாழ ஏழு கிலோமீற்றரில் சிங்கமும் காண்டாமிருகமும் திரியும் தேசியப் பூங்கா தொடங்குகிறது. எல்லோரும் முதல் வேலையாக அங்கே ஓடுவார்கள். போங்கள், ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நகரத்துக்கு வையுங்கள். ஆலயத்திலிருந்து நல்லுடுப்போடு திரும்பும் குடும்பங்கள் ஊகுரு பூங்காப் புல்வெளியில் இருந்து சாப்பிடும் பின்னேரத்தில்தான் நைரோபி மக்கள் ஆறுதலாகப் பேசுவார்கள்.

கே: தடுப்பூசி கட்டாயமா? – குடும்பத்தலைவி, ஏறாவூர்

மஞ்சட்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கென்யா, எத்தியோப்பியா, கானா, நைஜீரியா ஆகியவை அந்நோய் உள்ள நாடுகள். அங்கிருந்து திரும்பும்போது நம் நாட்டில் இறங்குவதற்கே சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன் போட வேண்டும். ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லும். ஊசியைக் கொழும்பில்தான் போடவேண்டி வரும் என்பதால் நாளை முன்கூட்டியே ஒதுக்குங்கள். மலேரியாவுக்கு மாத்திரை எடுக்க வேண்டுமா என்பது போகும் ஊரைப் பொறுத்தது; உயரத்திலிருக்கும் அடிஸ் அபாபாவில் அந்த நோய் பரவுவதில்லை, அக்ராவிலும் சான்சிபாரிலும் உண்டு. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடு என அறிவிக்கப்பட்டது. ஆதலால் திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், ஆபிரிக்கா போய் வந்தேன் என்பதை வைத்தியரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள். உங்களுக்காக மட்டுமன்றி அயலாருக்காகவும் இதைச் செய்ய வேண்டும்.

கே: நான் கல்லூரி மாணவி. உம்மாவோடு போக எண்ணுகிறேன். ஹலால் உணவும் தொழுகை வசதியும் உள்ள, பெண்கள் தைரியமாக நடக்கக்கூடிய ஊர் எது? – மாணவி, காத்தான்குடி

மகளே, உம்மாவோடு போவதென்றால் சான்சிபாரின் கல் நகரம் (ஸ்டோன் டவுன்). பெரும்பான்மையோர் முஸ்லிம்கள், உணவு தேடியலைய வேண்டியதில்லை, பாங்கோசை எத்திசையிலும் கேட்கும். ஒடுங்கிய சந்துகளும் பித்தளைக் குமிழ் பதித்த கனத்த மரக்கதவுகளும் கொண்ட அந்த நகரத்தை 2000 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. மாலையானதும் ஃபொரோதானி கடற்கரைத் தோட்டத்தில் அடுப்புகள் எரியத் தொடங்கும். புளிப்பான மாங்காய்க் குழம்பில் பஜியாவும் உருளைக்கிழங்கும் இட்டுத் தரும் உரோஜோவை உம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். சப்பாத்தி, சம்பூசா, பிலாவு, பிரியாணி என்று உணவுப் பெயர்களே உங்களோடு பேசும். பெப்ரவரியில் பழைய கோட்டைக்குள் நடைபெறும் சவுத்தி சா பூசாரா இசைவிழா 2004 இல் தொடங்கியது. ஊத் என்னும் அரேபியத் தந்திக் கருவியும் ஆபிரிக்கத் தாளமும் கலந்த தாரப் இசையைக் கேட்க அதுவே நல்ல இடம். அந்நகரின் அடிமைச் சந்தை 1873 இல் மூடப்பட்டது; அது இருந்த இடத்தில் இப்போது ஒரு தேவாலயம் நிற்கிறது. அங்கேயும் போய் நிற்காமல் திரும்பக் கூடாது.

வரலாற்றில் விருப்பம் இருந்தால் ஒரு தொடர்பைச் சொல்கிறேன். மொரோக்கோவின் தான்ஜியரில் 1304 இல் பிறந்த இப்னு பதூதா, 1331 இல் கிழக்காபிரிக்கக் கரையில் மொம்பாசாவுக்கும் கில்வாவுக்கும் போனார். கில்வாவின் அழகை வியந்து எழுதியிருக்கிறார். 1344 இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறினார். கில்வாவின் பெரிய பள்ளிவாசல் இடிபாடுகளாக இன்றும் நிற்கிறது. அவருடைய சொந்த நாட்டுக்கே போக முடியுமானால் ஃபெஸ் நகரம்: 859 இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் கரவிய்யீன் பள்ளிவாசலுக்குள் முஸ்லிம்கள் மட்டுமே நுழையலாம், மற்றப் பயணிகள் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் இடத்துக்கு நீங்கள் உள்ளே போய்த் தொழலாம். அதைக் கட்டுவித்தவர் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்னும் பெண்மணி என்பது மரபு.

கே: தென்னாபிரிக்காவில் தீமிதிப்பு உண்டென்பது உண்மையா? – வாசகர், பாண்டிருப்பு

உண்மைதான். 1860 நவம்பர் 16 ஆம் திகதி சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர்களில் தமிழர் பெருந்தொகையினர். அவர்கள் தகரக் கொட்டிலில் வைத்துக் கும்பிட்ட மாரியம்மனும் திரௌபதையும் முருகனும் இன்று கோபுரங்களின் கீழ் இருக்கிறார்கள். தைப்பூசக் காவடி பெரிதாக நடக்கும். ஈஸ்டர் விடுமுறை நாள்களில் மாரியம்மன் விழாவும் தீமிதிப்பும் நடைபெறும் கோயில்கள் உண்டு.

உங்கள் பாண்டிருப்பில் தீப்பள்ளயம் பாரதக் கதையோடு பதினெட்டு நாள் நடப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அங்கே சில இடங்களில் மனம் கனக்கும். பெரும்பாலானோருக்கு வீட்டுமொழி ஆங்கிலமாகிவிட்டது. தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் முதியவரின் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன்; சொற்களின் பொருள் அவருக்குத் தெரியாது, ஆனால் ஓரிடத்திலும் பண் பிசகவில்லை. மொழி தெரியாதவர்கள் என்று அவர்களைத் திருத்தப் போகாதீர்கள். ஐந்து தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள். பசித்தால் பன்னிச் சோ வாங்கிச் சாப்பிடுங்கள்: அரைப் பாணைக் குடைந்து கறியை நிரப்பித் தருவார்கள், குடைந்தெடுத்த பாண் துண்டே கறி தொட்டுத் தின்னும் கருவி.

கே: நான் பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்தவன். எங்கள் கோட்டையைப் போலவே போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கோட்டை ஒன்று கானாவில் உள்ளதாமே. அடிமைகளை அடைத்துவைத்த இடத்துக்கு உல்லாசப் பயணமாகப் போவது முறையா? – தச்சர், மட்டக்களப்பு

எல்மினா கோட்டையைச் சொல்கிறீர்கள். போர்த்துக்கேயர் 1482 இல் கட்டத் தொடங்கினார்கள். 1637 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரால் 1628 இல் கட்டப்பட்டு, 1638 இல் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. ஓராண்டு இடைவெளியில் ஒரே கை இரண்டு வாவிக்கரைகளிலும் கொடியை மாற்றியது. புலியந்தீவில் பிறந்தவன் எல்மினாவில் போய் நின்றால் சுவரின் சாய்வும் வெள்ளைப்பூச்சும் கோட்டையடியில் கலக்கும் உப்புநீரின் மணமும் ஊரையே நினைவூட்டும். உங்கள் சமூகத்து வைபவங்களில் ஆடும் கபிரிஞ்ஞாவின் பெயரே காப்பிரியர் என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த இரு பேரரசுகளும் ஆபிரிக்கரை இந்தத் தீவுக்கும் கொண்டுவந்தன. ஆகவே எல்மினா உங்களுக்குப் புறக்கதை ஆகாது.

போகலாமா என்றால், போகத்தான் வேண்டும் என்பது என் முடிவு. உல்லாசத்துக்கான இடம் அது இல்லை. பெண்களை அடைத்த அறையின் தரை இன்றும் கறுத்திருக்கிறது. அறைகளுக்கு மேல்தளத்தில் ஆளுநர் வாழ்ந்தார், வழிபாட்டுக் கூடமும் இருந்தது. கப்பலுக்குப் போகும் வாசல் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நுழையும் அளவுக்கே ஒடுங்கியது. வழிகாட்டி விளக்கை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னார். என்னோடு வந்தவர்களில் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பமொன்று இருந்தது. அவர்கள் அழுதபோது நாங்கள் மற்றவர்கள் வெளியே வந்து முற்றத்தில் காத்திருந்தோம். யாரும் சொல்லித்தரவில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே சிரித்தபடி தற்படம் எடுக்காதீர்கள், அன்றைய நாளில் வேறெந்த நிகழ்ச்சியையும் வைக்காதீர்கள்.

பயணத்தை யூலை முதற் செவ்வாயோடு பொருத்திப் போடுங்கள். கோட்டையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் பென்யா வாவியில் அன்று பக்காத்துவே விழா. அதற்கு முன் சில கிழமைகள் வாவியில் மீன்பிடிக்கத் தடை இருக்கும். மீன் பெருகட்டும் என்று விட்டுவைப்பார்கள். விழாவன்று தலைவர்கள் பல்லக்கில் வர, குடைகளும் பறைகளும் சூழ, அவித்து மசித்த யாம் கிழங்கை முட்டையோடும் செம்பனை எண்ணெயோடும் பிசைந்து வாவித் தெய்வத்துக்கு நீரிலே இடுவார்கள். பின்னர் ஒருவர் ஓடத்தில் எழுந்து நின்று வலை வீசுவார். முதல் வீச்சிலும் இரண்டாம் வீச்சிலும் கரையில் சத்தம் அடங்கியிருக்கும். மூன்றாம் வீச்சில் வலை விரிந்து நீரைத் தொட்டதும் தடை நீங்கிவிடும், துப்பாக்கிகள் வெடிக்கும், கரையோரம் கட்டியிருந்த ஓடங்கள் அத்தனையும் ஒன்றாக அவிழும். நான் பக்கத்தில் நின்ற முதியவர், நீ எந்த வாவிக்கரையைச் சேர்ந்தவன் என்று என்னைக் கேட்டார். வாவி ஒன்று எனக்கு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. வலை விழுவதைப் பார்த்து நின்ற என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும்.